சவர்க்கார அலுமாரி

சீனப் புத்தாண்டு பிறந்து ஒரு வாரம் இருக்கும். கிள்ளான் மேரு சாலை ஓரத்தில் லாரியில் கரும்பு வந்து இறங்கியிருந்தது. வேரும் தோகையுமாக, ஆளைவிட உயரமான கரும்பு. இரண்டிரண்டாகச் சேர்த்துச் சிவப்புத் தாள் சுற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும், தெங்கு கிளானா சாலையில் நாங்கள் குடியிருந்த கடைவீட்டு மாடி நினைவுக்கு வந்துவிட்டது. பொங்கல் கரும்பைப் பார்த்தால் எனக்கு இப்படி ஆவதில்லை. இது ஒன்பதாம் நாள் கரும்பு. இந்தக் கரும்போடு பட்டாசு வரும். பட்டாசோடு அம்மாவின் முகம் வரும்.

அந்த வீட்டின் கீழே சேலைக்கடை. கடை சாம்பிராணியும் பக்கத்து முறுக்குக்கடை எண்ணெயும் படியேறி எங்கள் வரைக்கும் வரும். மாடியின் நடுவே பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் ஹொக்கியன் சீனப் பாட்டி ஒருவர் தனியாக இருந்தார். எல்லாரும் அவரை 'ஆ சோ' என்றே கூப்பிட்டோம். குளியலறை இரண்டு வீட்டுக்கும் பொது.

அம்மாவுக்கு மானிப்பாய். அப்பாவுக்குக் கொக்குவில். இருவரும் 1995-இல் தனித்தனியே யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள். கல்யாணம் வன்னியில் நடந்தது. அதன்பிறகு வவுனியாவைத் தாண்ட பாஸ், கொழும்பில் லொட்ஜ் என்று அலைந்து, கடைசியில் மலேசியா வந்து சேர்ந்தார்கள். நான் பிறந்தது கிள்ளானில். என் பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்கநெகாரா', அதாவது குடியுரிமை இல்லாதவள், என்று இருக்கிறது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. வியட்நாம் படகு மக்கள் வந்த 1975-ஆம் ஆண்டிலிருந்து ஐ.நா. அகதிகள் ஆணையம் இங்கே இருக்கிறது. அது தரும் அட்டையை எங்கள் ஆட்கள் 'யூஎன் கார்டு' என்பார்கள். அந்த அட்டையைக் காட்டி அரசுப் பள்ளியில் சேர முடியாது, சட்டப்படி வேலையும் பார்க்க முடியாது. இவ்வளவும் எனக்கு வளர்ந்த பிறகுதான் புரிந்தது. சின்ன வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டு ஒழுங்குகள்தான்.

முதல் ஒழுங்கு, செருப்பு வாசலில் இருக்கக் கூடாது. எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று படியேறி வருகிறவருக்குத் தெரியக் கூடாதாம். அடுத்தது தொலைக்காட்சிச் சத்தம். தடுப்புக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. இரவு உடுப்பு என்று தனியாக ஒன்று எங்களுக்குக் கிடையாது. வெளியே போகும் உடுப்போடுதான் படுப்போம். கதவருகே ஆணியில் ஒரு நீலப் பை தொங்கும். அதில் எல்லாருடைய பத்திரங்களும், ஒரு போத்தல் தண்ணீரும், பிஸ்கட் பைக்கற்றும், அம்மாவின் தாலிக்கொடி சுற்றிய துணிப்பொட்டலமும் இருக்கும். பிஸ்கட் பழசானால் அம்மா அதை எனக்குத் தந்துவிட்டுப் புதுசு வைப்பா. எல்லா வீடுகளிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். முதல் தடவையாக ஒரு தோழி வீட்டுக்குப் போனபோது, கதவருகே பார்த்துவிட்டு, "உங்க பை எங்கே?" என்று கேட்டேன். "பள்ளிக்கூடப் பையா?" என்று அவளுடைய அம்மா கேட்டார்.

அம்மாவின் அலுமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று தட்டு இரும்பு அலுமாரி அது. மேல்தட்டில் உடுப்பு. கீழ் இரண்டு தட்டிலும் சவர்க்காரம், தீப்பெட்டி, மெழுகுதிரி, உப்பு, பற்றரி. மலிவு விற்பனை என்றால் அம்மா சவர்க்காரம் வாங்காமல் வரமாட்டா. அதைத் துணிகளுக்கு நடுவே அடுக்குவா. எங்கள் சட்டையெல்லாம் அந்த வாசம்தான். தட்டு கொள்ளாமல் போனபோது கட்டிலுக்குக் கீழே பெட்டி வைத்தா. தெருவுக்கு இறங்கினால் கடை, அடுத்த தெருவில் பேரங்காடி. எதற்கு இவ்வளவு என்று யார் கேட்டாலும், "இருக்கட்டும்" என்பதற்கு மேல் அம்மாவிடமிருந்து ஒரு சொல் வராது.

1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்தார்கள். மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தட்டுப்பாடான பொருள்கள். மின்சாரம் கிடையாது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, துளி மண்ணெண்ணெயில் திரி எரியவிட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அம்மாவும் அந்த ஜாம் போத்தல் வெளிச்சத்தில்தான் படித்துப் பரீட்சை எழுதியிருப்பா. இதையெல்லாம் நான் பிற்காலத்தில் மற்றவர்கள் எழுதியதிலிருந்து பொறுக்கி எடுத்தேன். அம்மா சொன்னது ஒன்றுமில்லை. அலுமாரிதான் சொல்லிக்கொண்டே இருந்தது, எனக்குத்தான் அப்போது கேட்கவில்லை.

அப்பா வேறு விதம். அவர் விடிய முன்னரே எழும்பி முதல் கொம்யூட்டர் ரயிலைப் பிடித்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போவார். அங்கே ஒரு பூமாலைக் கடையில் வேலை. பகலெல்லாம் மல்லிகை கட்டிக் கட்டி அவருடைய விரல் நுனிகள் பச்சை ஏறிக் கிடக்கும். அவர் புறப்படும் நேரத்தில் தினமும் ஒரே வாக்குவாதம்.

"இஞ்சருங்கோ, வெளியில ஆமப்பூட்டைப் போட்டுட்டுப் போங்கோ. பூட்டுத் தொங்கினா ஆளில்லை எண்டு திரும்பிப் போயிடுவாங்கள்."

பத்திரம் இல்லாதவர்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள். சோதனைக்கு வருகிறவர்கள் வெளிப்பூட்டைப் பார்த்துவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விடுவார்கள் என்பது எங்கள் ஆட்களிடையே இருந்த நம்பிக்கை. மற்ற எல்லாவற்றிலும் அம்மா சொல்வதைக் கேட்கும் அப்பா, இதில் மட்டும் மசியமாட்டார்.

"உள்ளுக்க ஆள் இருக்கேக்க நான் வெளியில பூட்ட மாட்டன்."

அதற்குமேல் பேச்சில்லை. படியிறங்கிப் போய்விடுவார். அம்மா உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டு, கதிரையை முட்டுக் கொடுப்பா. அந்தக் கதிரை தரையில் இழுபடும் சத்தத்தில்தான் என் காலைகள் விடிந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் அப்பா என்னையும் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப் போவார். அப்போது கேஎல் சென்ட்ரல் புதுசு, 2001-இல் திறந்தது. முன்பு அந்த இடமெல்லாம் ரயில்வே யார்டாக இருந்ததென்று கடைக்காரர்கள் சொல்வார்கள். பிரிக்பீல்ட்ஸே ஒரு காலத்தில் ரயில்வேக்காரர்களின் ஊர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்த இளைஞர்கள் கப்பலேறி வந்து ரயில்வே கிராணிகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் இங்கே வேலை பார்த்தார்கள். விவேகானந்தா ஆசிரமமும் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவிலும் அவர்கள் எழுப்பியவை. கந்தசுவாமி கோவிலுக்குள் நுழைந்தால் மணியோசையும் பேச்சு வழக்கும் யாழ்ப்பாணத்தை அப்படியே கொண்டுவரும். அப்பாவுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் எப்போதும் பின்வரிசையில், தூணோரம்தான் நிற்பார்.

அங்கே வரும் மூத்தவர்கள் மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை. வெள்ளை வேட்டி, திருநீறு, நல்ல பென்ஷன். ஒருநாள் பட்டுச்சேலை கட்டிய ஆச்சி ஒருவர் அப்பாவின் பேச்சைக் கேட்டுவிட்டு ஆசையாகப் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, எந்த ஊர்?"

"கொக்குவில்."

"அட, எங்கட அம்மம்மாவும் கொக்குவில்தான்! நல்லூர்த் திருவிழா இப்ப எப்பிடி? தேர் நல்லா நடக்குதோ?"

அப்பா நல்லூரைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. "நல்லா நடக்குது ஆச்சி" என்றார். ஆச்சிக்குச் சந்தோஷம். என் கன்னத்தைக் கிள்ளி ஒரு வாழைப்பழம் தந்தார். ஒரே ஊர்ப் பேர், ஒரே பேச்சு. ஒருத்தருக்கு அது பாட்டி சொன்ன கதைகளின் ஊர். மற்றவருக்கு என்னவென்று எனக்கு அன்று தெரியாது. ரயிலில் திரும்பி வரும்போது அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஷா ஆலம் தாண்டிய பிறகுதான் என்னோடு பேசினார்.

இனிக் கரும்புக்கு வருகிறேன். கிள்ளானில் ஹொக்கியன் சீனர் அதிகம். அவர்களுக்குப் புத்தாண்டின் முதல் நாளைவிட ஒன்பதாம் நாள் பெரியது. வானுலக அரசரின் பிறந்தநாள் அது. எட்டாம் நாள் நள்ளிரவு ஆனதும் வாசலில் பலிபீடம் போட்டு, இரு பக்கமும் கரும்பு கட்டி, ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவார்கள். பட்டாசுக்குத் தடை இருந்த காலத்திலும் அன்று கிள்ளான் முழுக்க வெடிக்கும். சரம் சரமாக, தெருவுக்குத் தெரு, மணிக்கணக்கில் வெடிக்கும்.

எனக்கு நினைவு தெரிந்த முதல் ஒன்பதாம் இரவில், அம்மா என்னைத் தூக்கத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினா. ஈரத் தரையில் குப்புறப் போட்டு மேலே கவிந்துகொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் என் காதைப் பொத்தினா. "வாயைத் திற பிள்ளை. வாயைத் திறந்து வை" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. குண்டு விழும்போது வாயை மூடியிருந்தால் செவிப்பறை கிழிந்துவிடும் என்று ஊரில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. தரையின் சவர்க்கார ஈரம் வாய்க்குள் போனது தெரியும். அம்மாவின் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டது தெரியும். அப்பா வாசலில் நின்று, "பட்டாசப்பா, பட்டாசுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் அவரும் சுவரோடு ஒட்டித்தான் நின்றார்.

பொதுக் குளியலறை அல்லவா, ஆ சோ கதவைத் தட்டினார். திறந்து எங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தன் பக்கம் போய்ச் சூடான தேநீர் கொண்டு வந்தார். அம்மாவுக்கு வந்து சில வருடத்திலேயே சந்தை மலாய் பழகியிருந்தது. ஆ சோவின் மலாயும் அதே அளவுதான். அந்த அரைகுறை மலாயில் அன்று ஆ சோ ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் ஹொக்கியன் ஊர்களைக் கொள்ளையர் சூழ்ந்து வெட்டினார்களாம். தப்பியவர்கள் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்தார்களாம். வெளியே வெட்டுச் சத்தம், உள்ளே மூச்சுக் காட்டாத ஜனம். ஒன்பதாம் நாள் எல்லாம் அடங்கி வெளியே வந்தபோது உயிரோடு இருந்தார்கள். அதனால்தான் ஒன்பதாம் நாள் கரும்பு, அதனால்தான் இந்தப் பட்டாசு. தன்னுடைய தாயும் ஜப்பான்காரன் காலத்தில் முடியை ஒட்ட வெட்டி, முகத்தில் கரி பூசி ஒளிந்து பிழைத்தவர்தான் என்றும் சொன்னார்.

அம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாவாம். "பிள்ளைகள் அழயில்லையா, கரும்புக்குள்ள?" இதை அப்பா பல வருடம் கழித்து எனக்குச் சொன்னார்.

அடுத்த வருடம் ஆ சோ முந்தியே வந்து நாளைச் சொன்னார். நள்ளிரவுக்கு முன் அம்மாவின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனார். சரத்தை எங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள், யார் கொளுத்தப் போகிறார்கள், திரி எவ்வளவு நீளம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கொளுத்தப் போகும் பையன் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் நெருப்பு வைத்தான். அம்மா நடுங்கினா, ஆனால் ஓடவில்லை. எப்போது வெடிக்கும் என்று தெரிந்துகொண்டு நின்றது அதுதான் அம்மாவுக்கு முதல் தடவையாக இருந்திருக்கும். எந்த மருத்துவரும் அம்மாவுக்குச் செய்யாததை எழுத்தறியாத அந்தப் பாட்டி செய்தார். அம்மாவின் தலையிடிக்கும் படபடப்புக்கும் கிளினிக்குகளில் மாத்திரைதான் கொடுத்தார்கள். எங்கேயிருந்து வந்தீர்கள், என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வரிசை அவ்வளவு நீளம்.

அப்பாவின் கதை எனக்குத் தெரிந்தது முன்னறைச் சுவர் வழியாகத்தான். 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தது. அதன்பின் ஒவ்வொருவராக இளைஞர்கள் கிள்ளான் பக்கம் வந்தார்கள். யாரோ யாரிடமோ சொல்லி எங்கள் வீட்டு முன்னறையிலும் சிலர் தங்கினார்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஆண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். வந்தவர்கள் போரின் கடைசி நாட்களைப் பற்றி, முள்ளிவாய்க்காலைப் பற்றிச் சொன்னார்கள். பதிலுக்கு, என் வாழ்நாளில் முதல் தடவையாக, அப்பா பேசினார்.

1995 அக்டோபர் 30. ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். நல்ல மழை. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் ஒரே இரவில் செம்மணி வெளியால் தென்மராட்சிப் பக்கம் நகர்கிறார்கள். நாவற்குழிப் பாலத்தில் காலெடுத்து வைக்க இடமில்லை. சைக்கிளை உருட்டக்கூட முடியாது, தூக்கிக்கொண்டு நின்றார்கள். தாகத்துக்குக் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணீரை ஏந்திக் குடித்தார்கள். நடந்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும் தூரத்துக்கு ஒரு இரவு முழுக்கப் போனது.

"அம்மா வரமாட்டன் எண்டுட்டா" என்றார் அப்பா. என் அப்பாச்சியைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "மாட்டை ஆர் பாக்கிறது எண்டு திண்ணையில இருந்திட்டா. நாலு நாளில வந்திடுவம் எண்டு நினைச்சுத்தான் போனது. கள்ளர் வருவினமெண்டு நான் கேற்றுக்கு வெளியால ஆமப்பூட்டைப் போட்டுட்டு வந்தனான். திறப்பு என்னட்ட."

ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் மறு சித்திரையில் தகவல் அனுப்பினார்கள். அப்பாச்சி இறந்து மாதங்கள் ஆகியிருந்தன.

எந்தச் சத்தமும் இல்லாமல் நான் பாயில் கிடந்தேன். அடுத்த நாள் விடியற்காலை அப்பா வேலைக்குப் போகும்போது அம்மா பூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் ஒரே பாயில் படுத்து, ஒரே பானையில் சாப்பிட்ட இரண்டு பேர், ஒருவருடைய இருட்டுக்குள் மற்றவர் கால் வைக்காமல் நடந்திருக்கிறார்கள். அதை அன்பு என்றுதான் சொல்வேன். அதற்கான விலையை வீட்டில் எல்லாரும் கொடுத்தோம்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் 1998-இல் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார், ஈழத் தமிழர்களின் மனக்காயத்தைப் பற்றி. போரின் காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து உடைக்கிறது என்பதைத் தொடர்ந்து சொல்லிவருபவர் அவர். அவருடைய எழுத்தை நான் படித்தபோது எங்கள் மாடிவீட்டை யாரோ வந்து பார்த்துவிட்டுப் போய் எழுதியது மாதிரி இருந்தது. எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு இது சின்ன வயதிலேயே கிடைத்திருக்க வேண்டும். அப்பாவின் மௌனம் என் மேலுள்ள கோபம் இல்லை என்று தெரிந்திருந்தால் என் பல இரவுகள் நல்ல இரவுகளாக இருந்திருக்கும்.

ஆ சோ இப்போது இல்லை. கடைவீட்டையும் இடித்துக் கட்டிவிட்டார்கள். அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை, வீட்டோடு இருக்கிறார். முன்பெல்லாம் ரயிலில் யாராவது விட்டுப்போன 'தமிழ் நேசன்' கொண்டு வந்து எனக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித் தருவார். அந்தப் பத்திரிகையும் 2019-இல் நின்றுவிட்டது. நான் கிள்ளானில் அகதிப் பிள்ளைகளுக்கான ஒரு கற்றல் மையத்தில் பாடம் நடத்துகிறேன். நான் படித்ததும் இப்படியொரு மையத்தில்தான். இந்த நாட்டில் பதிவான அகதிகளில் மிகப் பெரும்பாலானவர்கள் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். என் வகுப்பிலும் ரோஹிங்யாப் பிள்ளைகள்தான் அதிகம்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் பின்னேர இடி எல்லாருக்கும் தெரிந்தது. இடி இடித்தால் என் வகுப்பில் ஒரு பையன் மேசைக்குக் கீழே போய்விடுவான். கூப்பிட்டாலும் வரமாட்டான். இவன் இங்கே பிறந்த பிள்ளை, எந்தக் கலவரத்தையும் பார்த்ததில்லை. வீட்டில் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னேன். அம்மா சோற்றுக் கையோடு நிமிர்ந்தா.

"இழுக்காதை பிள்ளை. வெளியில வா எண்டும் சொல்லாதை. நீயும் கீழ போய்ப் பக்கத்தில இரு. அடுத்த இடி எப்ப வரும் எண்டு அவனோட சேர்ந்து எண்ணு. மின்னல் வெட்டினா எண்ணத் தொடங்கு."

செய்து பார்த்தேன். பலித்தது. அடுத்த வாரம் அம்மாவே சமைக்க உதவுகிறேன் என்று மையத்துக்கு வந்துவிட்டா. வரும்போது ஒரு பை நிறைய டார்ச் லைட்டும் பற்றரியும். மின்சாரம் போனால் பிள்ளைகள் இருட்டில் இருக்கக் கூடாதாம்.

அந்தப் பையனின் தாயும் சமையலுக்கு வருவார். அதிகம் பேசாதவர். ஒருநாள் இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அம்மா திடீரென்று மலாயில் சொல்லத் தொடங்கினா. "சாயா பூஞா அடெக்..." என்னுடைய தங்கச்சி. பிறகு, "கெரெஜா", "போம்". தேவாலயம், குண்டு. நவாலித் தேவாலயத்தைச் சொல்கிறா. 1995 ஜூலை 9, இடம்பெயர்ந்து வந்து அங்கே தங்கியிருந்த மக்கள் மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மானிப்பாய்க்குப் பக்கத்து ஊர் அது. வந்திருந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனவளாம் என் சித்தி. எனக்கு ஒரு சித்தி இருந்தாள் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். பையனின் தாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தன்னுடைய ஊரில் ஆற்றங்கரையில் நடந்ததைச் சொன்னார். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழியில், பாதிச் சொல்லும் பாதிக் கையுமாக, வெங்காயம் முடியும்வரை பேசிக்கொண்டார்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் இருவரும் சேர்ந்துதான் மேரு சந்தைக்குப் போகிறார்கள். மீன் பார்த்து வாங்குவதில் யார் கெட்டி என்று வழியெல்லாம் வாக்குவாதம். போன வாரம் சவர்க்காரம் மலிவென்று கேள்விப்பட்டு, இரண்டு பேருமாக ஒரு பெட்டி வாங்கி, பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு வந்தார்கள்.